பதினொரு விநாடி மலை

செயற்கைக்கோள்கள் பொய் சொல்லத் தொடங்கி மூன்று வருடமாகிறது. உண்மையில் அவை பொய் சொல்லவில்லை. அவற்றின் குரலில் வேறு யாரோ பேசுகிறார்கள். முதலில் போர் நடக்கும் நாடுகளுக்கு மேலே மட்டும் இது நடந்தது. பிறகு கப்பல்களில் இருந்து, லாரிகளில் இருந்து, யாருடைய மொட்டைமாடியில் இருந்தோ. அந்தக் கருவி ஒரு டிபன் பாக்ஸ் அளவுதான். நீங்கள் இருக்கும் இடத்தை நாற்பது கிலோமீட்டர் தள்ளிக் காட்டும். சாலையில் போகிறவர்களுக்கு அதனால் பெரிய கேடில்லை. டீக்கடையில் நிறுத்தி வழி கேட்கலாம்.

முப்பத்தைந்தாயிரம் அடியில் டீக்கடை இல்லை.

என் மனைவி ரெக்சலின் துணை விமானி. ஜூலை இருபத்தெட்டாம் தேதி காலை ஏழு நாற்பதுக்கு, ஷார்ஜாவிலிருந்து கோயம்புத்தூருக்கு இறங்கிக்கொண்டிருந்த அவளுடைய விமானம் வாளையாற்றுக்கு வடக்கே மலையில் மோதியது. அவள், கேப்டன் புருஷோத்தமன், இன்னும் நூற்று அறுபத்தொன்பது பேர். அவளுக்கு முப்பது வயது. எனக்கு முப்பத்தொன்று.

பதினோராவது நாள் வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்தால் ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் கேட்டது.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கேப்டனின் மனைவி பழவந்தாங்கலில் என் வீட்டுக்கு வந்தார். பெயர் உஷாநந்தினி. வில்லிவாக்கத்தில் ஒரு பள்ளியில் பிளஸ் டூ மாணவர்களுக்கு இயற்பியல் எடுக்கிறார். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நாங்கள் இரண்டு நாள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பேசிக்கொண்டதில்லை.

மழை பெய்துகொண்டிருந்தது. குடையை வெளியே ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு உள்ளே வந்தார். கையில் துணிப்பை. பைக்குள் விடைத்தாள் கட்டு.

"ஃபோன் பண்ணாம வந்துட்டேன் தம்பி. பண்ணியிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

"ஆமா."

"நல்லது. நேராப் பேசறீங்க." நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "இடைக்கால அறிக்கை பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நாப்பத்திரெண்டாம் பக்கம்?"

"பாத்தேன்."

அந்தப் பக்கத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. 'தரை எச்சரிக்கையை விமானிகள் அணைத்துவிட்டு, இறங்கும் முன் மீண்டும் இயக்க மறந்திருக்கக்கூடும்.'

"கூடும்," என்றார் டீச்சர். "அந்த ஒரு வார்த்தையில எங்க வீட்டுக்காரர் நூத்தி எழுபது பேரைக் கொன்னுட்டார். நான் ஸ்டாஃப் ரூமுக்குள்ள போனா பேச்சு நின்னுடுது. போன வாரம் க்ளாஸ்ல ஒரு பையன் கேக்கறான், 'மிஸ், சர்க்யூட் வரையறப்ப சுவிட்ச் போட மறந்துட்டா எவ்ளோ மார்க் போகும்'னு. நல்ல பையன். அவன் மனசுல ஒண்ணும் இல்ல. ஆனா மத்த முப்பத்தெட்டு பேரும் என் மூஞ்சியப் பாக்கறாங்க."

"என்ன சொன்னீங்க?"

"அரை மார்க்னு சொன்னேன்."

பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேஜையில் வைத்தார். உள்ளே ஒரு மஞ்சள் காகிதம், நாலாக மடித்தது. ஒரு ஓரம் கருகியிருந்தது.

அது என்னவென்று எனக்குத் தெரியும். விமானிகள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தரையோ மலையோ நெருங்கினால் விமானத்தில் ஒரு எச்சரிக்கைக் குரல் கத்தும். செயற்கைக்கோள் சொல்லும் இடத்தையும் கையிருப்பில் உள்ள வரைபடத்தையும் ஒப்பிட்டுத்தான் அது பெரும்பாலும் கத்துகிறது, அடியில் தரை வேகமாக நெருங்கினாலும் கத்தும். இடமே பொய்யென்றால் அரபிக்கடல் நடுவிலும் மலை, மலை என்று கத்தும். ஒரு பயணத்தில் இருபது தடவை. அதனால் கடலுக்கு மேலே விமானிகள் அதை அணைத்துவிடுவார்கள். இறங்கும் முன் திரும்பப் போட வேண்டும். மறக்காமல் இருக்க, அணைத்தவுடன் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளைப் பலகையில் ஒட்ட வேண்டும் என்பது விதி. எத்தனையோ கோடி செலவில் செய்த விமானம். அதற்கு நினைவூட்ட ஒரு மஞ்சள் தாள்.

"எல்லாரும் முன்னாடி பேனல்ல ஒட்டுவாங்க," என்றார் டீச்சர். "இவர் ஒட்ட மாட்டார். வாட்ச் கண்ணாடி மேல ஒட்டிப்பார். மணி பாக்காம இவரால அஞ்சு நிமிஷம் இருக்க முடியாது. கல்யாண மண்டபத்துல தாலி கட்டறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை பாத்தவர். வாட்சைப் பாக்கறப்பல்லாம் மஞ்சளைப் பாக்கணும்ல. சுவிட்சைத் திரும்பப் போட்ட பிறகுதான் உரிப்பார். நாலா மடிச்சு சட்டைப் பையில வெச்சுப்பார். வாஷிங் மெஷின்ல போடறதுக்கு முன்னாடி அந்தப் பையைத் துழாவறது எனக்கு மூணு வருஷ வேலை. ஒரு தடவை மறந்துட்டு, வெள்ளைச் சட்டை அத்தனையும் மஞ்சளாச்சு."

உறையை என் பக்கம் நகர்த்தினார்.

"ஆஸ்பத்திரியில குடுத்த சாமான்ல இருந்துச்சு. சட்டைப் பையில. நாலா மடிச்சிருக்கு."

நான் அதைத் தொடவில்லை. "விசாரணைக் குழுகிட்ட காட்டினீங்களா?"

"காட்டினேன். ஒருத்தர் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, 'இது ஒரு பேப்பர், மேடம்'னார். ஆமா சார்னு சொல்லி வாங்கிட்டு வந்தேன்." தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். பாதி குடித்தார். "சுவிட்சைப் போட்டிருக்கார் தம்பி. மலை இருந்துச்சு. கருவி இருந்துச்சு. கரண்ட் இருந்துச்சு. அப்ப கத்தியிருக்கணும். குரல் பதிவுல சத்தமே இல்லையாம். ஏன் கத்தல?"

"எனக்குத் தெரியாது டீச்சர்."

"நீங்க அம்பத்தூர் ஆபீஸ்லதானே வேலை பாக்கறீங்க? இந்தச் சத்தமெல்லாம் மெய்யா பொய்யான்னு பிரிக்கிற இடத்துல?"

"ஆமா."

"உங்களுக்கே தெரியாதுன்னா வேற யாருக்குத் தெரியும்?"

டம்ளரை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை. விடை தெரியாத மாணவன் முன்னால் நின்று பழகியவர்.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். "உங்க வீட்டம்மா அந்த மலையைப் பத்தி எப்பவாவது ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல," என்றேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பழைய பிளாஸ்டிக் ஆலையின் மூன்றாம் மாடி எங்கள் அலுவலகம். நூற்று நாற்பது பேர். கைபேசியை வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

விமானிகள் எச்சரிக்கையை அணைப்பது ஆபத்து என்று எல்லோருக்கும் தெரிந்ததும் ஒரு நிறுவனம் ஒரு பெட்டி செய்தது. அதற்கு நீளமான பெயர் உண்டு. நாங்கள் பெட்டி என்போம். எச்சரிக்கைக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில் அது உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு கத்தலையும் முதலில் அது கேட்கும். பொய் என்று தோன்றினால் விழுங்கிவிடும். மெய் என்று தோன்றினால் வெளியே விடும். இன்னும் நடுக்கடலில் எப்போதாவது ஒன்றிரண்டு தப்பி வரும். அதனால் மஞ்சள் தாள் போகவில்லை. ஆனாலும் விமானிகளுக்கு நிம்மதி. பயணிகளுக்கு இது எதுவும் தெரியாது.

எது பொய், எது மெய் என்று பெட்டிக்கு யாராவது கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்குத்தான் நாங்கள். விமானம் தரையிறங்கியதும் அன்றைய கத்தல்கள் எல்லாம் எங்கள் திரைக்கு வரும். ஒரு கத்தலுக்கு ஒன்றரை நிமிடம். விமானம் போன வழி, உயரம், வானிலை, அடியில் தரை எவ்வளவு தூரம் என்று நேராக அளக்கும் கருவியின் கணக்கு, கடைசியில் விமானி எழுதிய குறிப்பு. பெயர்கள் இருக்காது. கீழே இரண்டு பொத்தான். மெய். பொய். ஒரே கத்தலை மூன்று பேர் தனித்தனியாகப் பார்ப்பார்கள். இரண்டு பேர் சொல்வதைப் பெட்டி கற்றுக்கொள்ளும்.

எங்களுக்கும் மதிப்பெண் உண்டு. மற்ற இருவரோடு எத்தனை தடவை ஒத்துப்போகிறோமோ அதுதான் மதிப்பெண். என்ன நடந்தது என்று பார்த்து மதிப்பெண் போட யாரும் இல்லை. நூற்றில் தொண்ணூற்றேழு பொய்யாகவே இருக்கும். ஒரு மாதத்தில் எல்லோரும் கற்றுக்கொண்டுவிடுவார்கள். சந்தேகமா, பொய்.

பக்கத்து நாற்காலியில் முபாரக். வாணியம்பாடிக்காரன். புதிதாக வருகிறவர்களுக்கு அவன் கொடுக்கும் உபதேசம் ஒன்றுதான். "மலை இருக்கா இல்லையான்னு பாக்காத. மத்த ரெண்டு பேர் என்ன போடுவான்னு பாரு. அவ்ளோதான் வேலை. டீ பிரேக் பதினொண்ணுக்கு."

என் மதிப்பெண் தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு. மாடியிலேயே அதிகம். புதியவர்களுக்கு என் பழைய பதில்களை வைத்துத்தான் பயிற்சி. ஜெபின் மாதிரி போடு என்று சொல்லிக்கொடுப்பார்கள்.

மெய் என்று முடிவானால் அந்த விமானிகளை மூன்று வாரம் நிறுத்தி வைப்பார்கள். விசாரணை நடக்கும். போன வருடம் ரெக்சியை அப்படி நிறுத்தினார்கள். கடைசியில் அந்தக் கத்தல் பொய் என்று ஆனது. யாரோ இரண்டு பேர் அவசரத்தில் மாற்றி அழுத்தியிருந்தார்கள். அந்த மூன்று வாரமும் அவள் தூங்கவில்லை. தினமும் மரச்சீனிக் கிழங்கு வாங்கி வந்து அவித்தாள். யாரும் சாப்பிடவில்லை. பால்கனியில் நின்று மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களை எண்ணினாள். எண்ணிக்கையை என்னிடம் சொல்வாள். நான் தலையாட்டுவேன்.

இந்த ஜூன் இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் காலை இட்லித் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"மக்கா, நேத்து கோயம்புத்தூர் இறங்கச்சில மலை கத்திச்சு."

எங்கள் ஊர் நாகர்கோவில். கோபம் இல்லாத நேரத்தில் அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"தெனமும்தான் கத்துது."

"இது வேற மாதிரிப்பா. கேப்டன் பொய்யின்னாரு. வெளிய ஒரே மேகம். நான் மேல இழுத்துட்டேன். எதுக்குன்னு கேட்டா சொல்லத் தெரியல்ல. கையி இழுத்துட்டு."

"சரியாத்தானே செஞ்சிருக்க."

"சரின்னா எதுக்கு அந்தச் சத்தம் இன்னும் காதுல கெடக்கு?"

அந்த கேப்டன் வேறு ஆள், புருஷோத்தமன் இல்லை. அவர் சிரித்துக்கொண்டே, கை ரொம்ப வேகம் என்றாராம். அதையும் சொன்னாள். பிறகு இட்லியை மூடி வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

நான்கு நாள் கழித்து அந்தக் கத்தல் என் திரைக்கு வந்தது.

தேதி, நேரம், இடம் எல்லாம் பொருந்தின. பாலக்காட்டுக் கணவாய்க்குள் நேராக வர வேண்டிய விமானம் பதினான்கு கிலோமீட்டர் வடக்கே தள்ளி வந்திருந்தது. அது தள்ளி வந்தது விமானத்துக்கே தெரியாது. மலைக்குப் பின்னால் ரேடாருக்கும் சரியாகத் தெரியாது. விமானம் தன் இடமென்று எதைச் சொல்கிறதோ அதைத்தான் தரையிலும் காட்டுவார்கள். ஆனால் அடியில் தரையை அளக்கும் கருவிக்குச் செயற்கைக்கோள் தேவையில்லை. அது பதினொரு விநாடி தரையைப் பார்த்திருந்தது. இரண்டாயிரம் அடி, ஆயிரத்து நூறு, அறுநூற்று நாற்பது. பிறகு கோடு மேலே ஏறியது. அவள் இழுத்த இடம்.

மெய்யென்று தெரிய ஒன்றரை நிமிடம் வேண்டியிருக்கவில்லை. பத்து விநாடி போதும்.

குறிப்பும் இருந்தது. படித்தேன்.

தெரிந்தவர்களுடைய விமானம் என்று சந்தேகம் வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. திருப்பி அனுப்பினால் அது வேறு மூன்று பேருக்குப் போகும். பதினொரு விநாடி. யாராவது இரண்டு பேர் மெய் என்று போட்டுவிடலாம். மூன்று வாரம். மரச்சீனி. பால்கனி.

பொய் என்று அழுத்தினேன். காரணம் கேட்டது. பட்டியலில் 'மழையின் எதிரொலி' என்று ஒன்று இருக்கிறது. கனமழையில் சில சமயம் அளவுக் கருவி மழையையே தரை என்று எடுத்துக்கொள்ளும். அதைத் தேர்ந்தெடுத்தேன். மற்ற இருவரில் ஒருவராவது என் மாதிரியே போட்டிருக்க வேண்டும், முடிவு பொய் என்றே வந்தது.

அன்று சாயங்காலம் நெத்திலி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என்ன விசேஷம் என்று கேட்டாள். சும்மா என்றேன்.

ஜூலை முதல் தேதி எல்லா விமானங்களின் பெட்டிக்கும் புதுப் பாடம் ஏறியது. அந்த இடத்தில், மழையில், அடியில் தரை தெரிந்தால் நம்பாதே. இருபத்தேழு நாள் கழித்து அதே இடத்தில், அதே மழையில், பெட்டி தரையைப் பார்த்தது. நம்பவில்லை.

இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. பெட்டி எரிந்துவிட்டது. சுவிட்ச் இருந்த பலகையும் எரிந்துவிட்டது. கற்றபடி எங்கள் பெட்டி நடந்திருக்கும் என்று நிறுவனம் எழுதிக் கொடுத்தது. அது உண்மைதான்.

நானாகவும் சொல்லவில்லை. சொன்னால் ஜூனில் அவளும் அந்த மலைக்கு அறுநூறு அடி வரை போனது வெளியே வரும். இறந்தவளை இரண்டாவது முறை நிறுத்தி வைப்பார்கள். அவள் பெயருக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று நான்கு மாதம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

டீச்சர் வந்து போன பத்தாவது நாள், மேற்பார்வையாளர் வைஷாலி எல்லோரையும் கூப்பிட்டாள்.

"மழைக்கால கேஸ் எல்லாத்தையும் திரும்பப் பாக்கணும். ஜூன்ல இருந்து. விசாரணைக் குழு கேட்டிருக்கு. பழைய பதில் சரின்னு நாம உறுதிப்படுத்தணும்."

"பழைய பதில் சரியான்னா, சரின்னா?" என்று கேட்டான் முபாரக்.

"முபாரக், வேலையைப் பாரு."

அவன் என் பக்கம் குனிந்தான். "பரீட்சை எழுதினவன்கிட்டயே பேப்பரைக் குடுத்து திருத்தச் சொல்றாங்க மச்சி. இந்தத் தடவை நான் ஸ்டேட் ஃபர்ஸ்ட்."

மூன்றாம் நாள் முற்பகலில் அது மறுபடி வந்தது. அதே கோடு. இரண்டாயிரம், ஆயிரத்து நூறு, அறுநூற்று நாற்பது. குறிப்பை மறுபடி படித்தேன். கேஸ் எண் ஒன்பது இலக்கம். மனப்பாடம் செய்தேன். மெய் என்று அழுத்தினேன்.

ஏதாவது ஆகும் என்று நினைத்தேன். அடுத்த கத்தல் வந்தது. மஸ்கட், கடல், பொய்.

மறுநாள் காலை என் திரையில் ஒரு வரி இருந்தது. 'ஒரு பதில் ஒத்துப்போகவில்லை. இருவர் பொய். உங்கள் பதில் நீக்கப்பட்டது.' தொண்ணூற்றெட்டு புள்ளி ஐந்து.

டீ இயந்திரத்துக்குப் பக்கத்தில் முபாரக் கேட்டான். "அந்த கோயம்புத்தூர் கேஸ் உனக்கும் வந்துச்சா? பதினொரு செகண்ட் தரை காட்டுதே, அது?"

"வந்துச்சு."

"மழை எதிரொலிதானே. பாத்தவுடனே போட்டேன். நீ கத்துக்குடுத்ததுதான்." ஊதி ஊதிக் குடித்தான். "எவனோ ஒருத்தன் மெய்னு போட்டிருக்கான் மச்சி. எங்கிருந்துதான் ஆள் எடுக்கறாங்களோ."

அவன் எந்தத் தப்பும் செய்யவில்லை. மற்ற இரண்டு பேர் என்ன போடுவார்கள் என்று யோசித்தான். நான் என்ன போடுவேன் என்று யோசித்தான்.

வைஷாலி கூப்பிட்டு உட்காரச் சொன்னாள்.

"ஜெபின், லீவு வேணும்னா எடுத்துக்கோ. நீ பதினோராம் நாளே வந்தது எனக்குப் பிடிக்கவே இல்ல."

"அந்த கேஸ் மெய், வைஷாலி."

"ரெண்டு பேர் பொய்னு போட்டிருக்காங்க. ரெண்டு பேரும் நல்ல ஸ்கோர். உன்கிட்ட கத்துக்கிட்டவங்க."

"ஜூன்ல நானும் பொய்னுதான் போட்டேன்."

"தெரியும். எடுத்துப் பாத்தேன். அதான் சொல்றேன். அப்ப நீ தெளிவா இருந்த."

"அது ரெக்சியோட விமானம். தெரிஞ்சுதான் போட்டேன்."

அவள் எழுந்து கண்ணாடிக் கதவை மூடினாள். திரும்ப உட்காராமல் நின்றுகொண்டே பேசினாள்.

"இதை நீ என்கிட்ட சொல்லல. கேட்டுக்கோ. நீ தெரிஞ்சு ஒண்ணு தப்பாப் போட்டன்னு ஆயிட்டா, நீ போட்ட ஒன்றரை லட்சம் பதிலையும் எடுக்கணும். உன்னை வெச்சு கத்துக்கிட்டவங்க பதிலையும் எடுக்கணும். பெட்டியில மிச்சம் என்ன இருக்கும்? பெட்டியைக் கழட்டுவாங்க. மறுபடி எல்லாம் கத்தும். மறுபடி எல்லாரும் அணைப்பாங்க. அணைச்சிட்டு மறப்பாங்க. அதுல எத்தனை பேர் போவாங்க? நீயே சொல்லு. எது நல்லது?"

நியாயமான கேள்வி. இன்றும் அதை எனக்கே கேட்டுக்கொள்கிறேன்.

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்," என்றாள்.

ஜூனில் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு அழுத்தினேன்.

அன்று மதியம் சொல்லாமல் கிளம்பினேன். வில்லிவாக்கத்தில் அந்தப் பள்ளியைக் கண்டுபிடிக்க நேரமானது. கைபேசி என்னைக் கொரட்டூர் ஏரிக்குள் நிற்பதாகக் காட்டியது. டீக்கடையில் கேட்டுப் போனேன்.

நாலேகாலுக்குப் பள்ளி விட்டிருந்தது. ஸ்டாஃப் ரூமில் டீச்சர் மட்டும் இருந்தார். சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பேனாவை மூடாமல் எதிர் நாற்காலியைக் காட்டினார்.

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றார். "சொல்லுங்க."

சொன்னேன். பெட்டி, பொத்தான், பதினொரு விநாடி, மழை, மதிப்பெண். அவர் இரண்டு இடத்தில் மட்டும் குறுக்கிட்டார். அளவுக் கருவி எந்த அலையில் வேலை செய்கிறது என்று கேட்டார். புதுப் பாடம் என்றைக்கு ஏறியது என்று கேட்டார். அழவில்லை. கடைசியில் ஒன்று கேட்டார்.

"நாலு மாசம் ஏன் சொல்லல?"

"ரெக்சி பேர் கெட்டுடும்னு."

"எப்படிக் கெடும்?"

"அவளும் ஜூன்ல அந்த மலைக்கிட்ட போயிருக்கான்னு வெளிய வரும். கேள்வி கேப்பாங்க."

"குறிப்பு எழுதுவாங்கன்னு சொன்னீங்களே. அவங்க என்ன எழுதியிருந்தாங்க?"

ஜன்னலுக்கு வெளியே மைதானத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. யாரோ ஒரு சைக்கிளை அதற்குள் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"நாலு வரி," என்றேன். "மத்தவங்க ஒரு வரிக்கு மேல எழுத மாட்டாங்க."

"சொல்லுங்க."

சொன்னேன். எனக்கு அது மனப்பாடம். எண்ணை மனப்பாடம் செய்வதற்கு ஐந்து மாதம் முன்பே அது ஆகியிருந்தது.

'இந்த எச்சரிக்கை மெய் என்று நினைக்கிறேன். மேகம் விலகியபோது எங்களுக்குப் பக்கத்தில் ஒரு மரம் தெரிந்தது. கேப்டன் பார்க்கவில்லை. தயவுசெய்து என்னை அழைத்து விசாரியுங்கள்.'

மரத்தைப் பற்றி அவள் வீட்டில் சொல்லவில்லை. எனக்குப் பயம் வரும் என்று விட்டிருப்பாள். முன்பின் தெரியாத மூன்று பேரிடம் சொன்னாள். அவர்கள் கேட்பார்கள் என்று நம்பினாள்.

டீச்சர் விடைத்தாள் கட்டிலிருந்து எழுதாத ஒரு தாளை உருவி என் முன்னால் வைத்தார். ஓரத்தில் சிவப்புக் கோடு போட்ட தாள்.

"எழுதுங்க. உங்க பேர், வேலை, கேஸ் நம்பர், தேதி, நீங்க பண்ணது. அவங்க எழுதின நாலு வரியும். நான் வக்கீல் மூலமா குழுகிட்ட குடுக்கறேன். நம்பர் இருந்தா அவங்க திறந்து பாத்தாகணும்."

"சரி."

"வேலை போகும். கேஸும் வரும்."

"தெரியும்."

"இன்னொண்ணு. அவர் பேரை மீட்கத்தான் உங்ககிட்ட வந்தேன். உங்களை மன்னிக்க வரல. அதை முன்னாடியே சொல்லிடறேன், பின்னாடி நீங்க எதிர்பாக்கக் கூடாதில்ல."

"எதிர்பாக்கல டீச்சர்."

எழுதினேன். பத்து நிமிடம் ஆனது. கையெழுத்துப் போட்டு நகர்த்தினேன். அவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு மேலிருந்து படித்தார். வரி வரியாகப் பேனா முனை கூடவே நகர்ந்தது. ஏழாவது வரியில் நின்றது.

'அதை நான் தவறுதலாகப் பொய் என்று பதிவு செய்தேன்' என்று எழுதியிருந்தேன்.

ஒரு வார்த்தையின் மேல் சிவப்புக் கோடு இழுத்தார்.

"தவறுதலா இல்லையே தம்பி."

"இல்ல."

"இதுலயே அடிச்சு எழுதறீங்களா, புதுத் தாள் வேணுமா?"

"புதுசு குடுங்க."

கொடுத்தார். முதலிலிருந்து எழுதினேன். இந்த முறை சீக்கிரம் முடிந்தது. 'அது மெய் என்று தெரிந்தே நான் பொய் என்று பதிவு செய்தேன்.' அதற்குக் கீழே ரெக்சியின் நான்கு வரி.

மறுபடி மேலிருந்து படித்தார். எங்கும் நிற்கவில்லை. கடைசி வரி முடிந்ததும், பழக்கம் போலிருக்கிறது, சிவப்புப் பேனா தாளின் வலது மேல் மூலைக்குப் போனது. மதிப்பெண் போடும் இடம். அங்கே கொஞ்ச நேரம் தொடாமல் நின்றது.

பிறகு அவர் பேனாவை மூடினார்.